செவ்வாய்க்கிழமைச் சூப்

செவ்வாய்க்கிழமை நான் வருவேன் என்று
ஊருக்கே தெரியும்.
அதனால் செவ்வாய்க்கிழமைகளில்
அகிதா மலையடியின் இந்த நாற்பத்தொரு வீடுகளிலும்
மிசோ சூப்பில் வெந்நீர் கூடிவிடும்.

என் பையில் இருப்பவை
இரத்த அழுத்தக் கருவி, ஒரு நோட்டு,
பென்சில் (பேனா மை இங்கே உறைந்துவிடும்),
உள்ளங்கை அகலத்தில் ஓர் உப்புமானி.
சூப்பில் அதன் நுனியை முக்கினால் முள் நகரும்.
சுழியம் புள்ளி எட்டு என்றால் தலையாட்டுவேன்.
ஒன்றரை என்றால் பேச ஆரம்பிப்பேன்.
என் பேச்சைக் கேட்பதைவிட
வெந்நீர் ஊற்றுவது எளிது.

தெரிந்தும் தெரியாததுபோல் எழுதிக்கொள்கிறேன்.
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால்
நூற்றெண்பது, நூற்றுத் தொண்ணூறு என்று
உடம்பே கோள் சொல்லிவிடுமே.

ஐந்து மாதம் பனி.
கூரை விளிம்புவரை பனி.
முள்ளங்கியையும் மீனையும் காளானையும்
வசந்தம்வரை கைப்பிடித்துக் கூட்டிப்போவது
உப்புதான்.
அந்தக் கையை விடச் சொல்கிறேன் நான்.

"உப்பில்லாமல் நூறு வயது இருந்து
என்ன செய்ய?" என்றார்
சாராயக்கடை உருஷிஸாக்கி.
கடை சிரித்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, சரிதான்.
உப்பு மிஞ்சியவர்கள் எங்கே என்பது
என் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது:
போன குளிர்காலத்தில் ஏழு பேர்.

கினுயோ மட்டும் வெந்நீர் கலப்பதில்லை.
"அளந்துகொள்" என்றாள் முதல் நாளே,
அகப்பையை நீட்டி.
முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது.
கணவன் தொமேகிச்சி மரம் வெட்டியவன்.
நாற்பத்தொன்பது வயது.
ஜனவரி அதிகாலையில் கழிப்பறைக்குப் போனவன்
திரும்பும் வழியில்
தன் இடது பக்கத்தை மறந்துவிட்டான்.
நான்கு நாளில் மற்றதையும்.

"அவருக்கு இப்படித்தான் பிடிக்கும்."
பிடிக்கும் என்றாள்.
பிடித்திருந்தது என்று சொல்லவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும்.
நினைக்கலாம்.
உப்பிட்ட கையே
உள்ளளவைக் குறைத்திருந்தால்
அந்தக் கை எதை நினைக்கும்?

இதை நான் கேட்கவில்லை.
காய்கறியைக் கூட்டுங்கள்,
நூடுல்ஸ் சாற்றை மிச்சம் வையுங்கள் என்று
அச்சடித்த தாளை நீட்டினேன்.
அதை வைத்து அடுப்பு மூட்டினாள்.

பிப்ரவரியில் சாலை அடைபட்டு
ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தேன்.
ஊரே பிடிபட்டது.
வீட்டுக்கு வீடு முள் குதித்தது,
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.

கினுயோ வீட்டுக்குப் பின்னால்
சமையலறை ஜன்னலுக்குக் கீழே
பனியில் ஒரு குழி.
வாளி அகலம், இடுப்பாழம்.
சுற்றிலும் உறைந்து கிடக்க
அந்த இடம் மட்டும் கரைந்து, பழுப்பேறி.

உள்ளே அடுப்பில் இரண்டு பானை.
ஒன்றிலிருந்து மகன் ஷிகெமித்சு குடித்துக்கொண்டிருந்தான்,
பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று முனகியபடியே
மூன்றாவது கிண்ணம் சோற்றோடு.
உருளைக்கிழங்கும் கீரையும் நெருக்கியடித்த அதில்
சுழியம் புள்ளி ஏழு.

மற்றதையும் தினமும் கொதிக்கவைக்கிறாள்.
ஒரு கரண்டி நாக்கில் வைத்து
சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள்.
பிறகு ஜன்னலைத் திறந்து ஊற்றிவிடுகிறாள்.

"இதையும் அளப்பாயா?"
அளந்தேன்.
முள் அதே கடைசிக் கோட்டில்.
நோட்டில் வீட்டுக்கு ஒரு கட்டம்தான்.
பென்சிலைக் கூர்சீவினேன்,
கூராக இருந்ததை மறுபடியும்.

திரும்பும்போது ரயில் நிலையக் கடையில்
ஒரு கிண்ணம் சோபா வாங்கினேன்.
விரல்கள் மரத்திருந்தன.
சாற்றை மிச்சம் வைக்கவில்லை.
அடியில் வரைந்த நீலப் பூ தெரியும்வரை குடித்தேன்.
உதட்டை நக்கிக்கொண்டு
நோட்டைத் திறந்தேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலி.