ஏழாவது குட்டை

இதற்கு முன் ஒரு மார்பிள் வியாபாரியிடம் இருந்ததாம்.
லாஸ்பேட்டை விமான நிலையத்து பிளாஸ்டிக் நாற்காலியில்
அதன் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன்.
பறந்தது மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மணி நேரம்.
தரையைத் தொட்டது நாலாயிரம் தடவைக்கு மேல்.
நடுவில் எட்டு மாதம் வெற்றுத் தாள்.

"நாக்பூரில் சும்மா நின்றது" என்றார் தரகர்.
சும்மா நின்றது என்று சொல்லப்படும் எதையும்
நான் நம்புவதில்லை. கணக்குப் பார்க்கிறவள்.

பெங்களூர் இன்ஜினியர் இக்னேசியஸ்
எஞ்சினுக்குள் பாம்பு போல ஒரு கேமராவை விட்டு
உச்சுக் கொட்டினார்.
இறக்கை மடிப்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை
நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.
உப்புக் காற்றின் வேலை, அம்மா.

நாக்பூரில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
தரகர் முப்பது லட்சம் குறைத்தார்.

முதலாளி சிரித்தார்.
பரங்கிப்பேட்டை மரைக்காயருக்கு உப்பைக் காட்டியா பயமுறுத்துவது?
காலையில் பீமாவரம், மதியம் நெல்லூர்,
பொழுது சாய்வதற்குள் வீடு.
அவர் கணக்கு அவ்வளவுதான்.
ஓடுபாதை நீளம் போதாது, வெயில் ஏறினால்
ஐந்து பேருக்கு மேல் தூக்காது என்று பைலட் சொன்னதை
காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் வெள்ளோட்டம்.
எனக்குக் கடைசி இருக்கை.
மூடியைத் தூக்கினால் கக்கூஸ் என்று
கிளம்பிய பிறகு சொன்னார்கள்.

பாகூர் ஏரி ஒரு தாம்பாளம்.
தென்பெண்ணை, கெடிலம்.
கடலூரிலிருந்து நான் தினமும் நின்றுகொண்டே வரும் தூரம்
ஒரு கொட்டாவிக்குள் முடிந்துவிட்டது.

வெள்ளாற்று முகத்துவாரம் வந்ததும்
தாழ்வாகப் போகச் சொன்னார் முதலாளி.
கீழே அவருடைய இறால் குட்டைகள்,
கோடு போட்ட பேரேடு மாதிரி.
விடியலில்தான் தண்ணீருக்கு மூச்சு முட்டும்.
ஏரேட்டர்கள் சுழல, ஒவ்வொன்றிலும் வெள்ளை நுரை.
ஒன்று, இரண்டு, விரல் விட்டு எண்ணினார்.
ஆறாவது விரலுக்குப் பின் கை அப்படியே நின்றது.

ஏழாவது குட்டை
கண்ணாடியாய் இருந்தது.
ஒரு துளி அசைவில்லை. எங்கள் நிழல் மட்டும்
அதன் மேல் விழுந்து, போயிற்று.

படிக்கட்டு தரை தொடும் முன்பே போன்.
"ராசமாணிக்கம், ஏழுல ஏரேட்டர் ஓடுதா?"
"ஜோரா ஓடுதுங்க முதலாளி, பக்கத்துலதான் நிக்கிறேன்."

போனைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார்.
"வாங்கிடலாம்" என்றார்.

நான் என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழாவது குட்டைக்கு டீசல்: பதினோரு மாத வவுச்சர்,
எல்லாவற்றிலும் என் சுருக்கெழுத்து, பச்சை மையில்.

அன்று மாலை மூன்று பதிவுகள்.
விமானம் ஒன்று, பழையது, பதினேழு கோடியே எழுபது லட்சம்.
ஏரேட்டர் பெல்ட் இரண்டு, ஆயிரத்து நூறு.
லாஸ்பேட்டையிலிருந்து பஸ் நிலையம், ஆட்டோ, நூற்றைம்பது.
கடைசியதற்கு ரசீது இல்லை.
முதலாளி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும்.