கரையாதது

நிலாவெளி உப்பளத்திலிருந்து தவனேசன்
திருமலை பஸ்ஸில் ஆறாம் கிழமை திரும்பி வந்தான்.
றப்பர் பூட்ஸைக் கழற்றிக்
கவுண்டர் உயரத்துக்குக் காலைத் தூக்கிக் காட்டினான்.
நகம் அப்படியேதான். பழைய மஞ்சள்.

"உங்கட மருந்து தண்ணியில கரையுதில்லை, மிஸ்.
கப்சூலைப் பிரிச்சுக் கோப்பைக்குள்ள கொட்டிப் பாத்தன்.
விடிய எழும்பிப் பாத்தாலும்
மணிமணியாக் கிடக்குது."

சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது.
இருபது வருடம் பாத்தி பார்த்தவன்
வேறெப்படிச் சோதிப்பான்?
எது தண்ணீரோடு போகும், எது தங்கும் என்பதுதானே
அவனுடைய நாட்சம்பளம்.

உண்மைதான், கரையாது என்றேன்.
தன்னைத் தானே இறுகக் கட்டிக்கொண்ட பிடிவாதம் அது.
விழுங்கினாலும்
குடலின் நீளமெல்லாம் வழிப்போக்கனாய் நடந்து
ஒரு கதவும் தட்டாமல் வெளியே போய்விடும்.
அதனால் எங்கோ ஒரு தொழிற்சாலையில்
பசையொன்றோடு சேர்த்துக் கரைத்துச்
சீனிமணிகள்மேல் விசிறி
அணிவகுக்க நேரம் கொடாமல்
சட்டென்று உலர்த்திவிடுகிறார்கள்.

"கல்லுக் கட்ட விடாமல்" என்றான்.

ஓம். கல்லுக் கட்ட விடாமல்.
நாலு வருடப் படிப்பில்
அதற்கு எவ்வளவு நீளமான பெயர் வைத்திருந்தோம்.

எத்தனை மணிக்குப் போடுறீங்கள்?
விடியப்புறம் நாலரைக்கு, வெறும் பிளேன்ரீயோடு.
நெஞ்செரிவுக்கு அதோடேயே ஒரு காஸ் குளிசை.

ஆறு கிழமையும் அங்கேதான் போயிருக்கிறது.
வயிற்றுப் புளிப்பில்தான் இது இளகும்.
அவனோ புளிப்பை அணைத்துவிட்டு
ஆளில்லாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பியிருக்கிறான்.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். காஸ் குளிசை நின்றது.
இனிமேல் மத்தியானம் போடுங்கள்,
சோறு தின்ற கையோடு,
தேங்காய்ப்பால் விட்ட சூடைமீன் குழம்பென்றால் இன்னும் நல்லது,
கொழுப்போடு சேர்ந்து அதுவும் உள்ளே போகும்.
"மத்தியானம் சோறு கிடைச்சால்" என்றான்.
அதற்கு என்னிடம் குளிசை இல்லை.

பின்னேரம் கரண்ட் போனது.
உட்துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று
றாக்கை வரைக்கும் ஏறி வந்தது.
வெக்கையும் ஈரமும் கூடினால்
கலைத்து வைத்தவை மெல்ல மெல்லப்
பழைய வரிசையை நினைக்கத் தொடங்கும்.
பெட்டிகளை உள்ளறைக்கு மாற்றிவிட்டு வந்தேன்.

அவன் விட்டுப்போன உப்புப் பை மேசையில்.
அடியில் ஏற்கெனவே கசிந்து
பில்புத்தகத்தின் மேல்தாளில்
அவன் பெயரின் பாதியைக்
கரைத்திருந்தது.