அளவு நோட்டு

மாடியில் தவசி காற்றை அளக்கிறான்.
கீழே நான் மார்பை அளக்கிறேன்.

வெள்ளைத்தாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவான்.
மறுநாள் எடுக்கையில்
அடுப்படிக் கைத்துணி நிறத்தில் இருக்கும்.
இடுக்கியால் பிடித்து, உறையிலிட்டு,
தேதி எழுதி, பஸ் ஏறிவிடுவான்.
"என்னப்பா இருக்கு அதுல?"
"ஈயம். நிக்கல். காட்மியம். கொஞ்சம்தான்க்கா."
"கொஞ்சம்னா?"
"வரம்புக்குள்ள."

கப்பலூரிலிருந்து திருமங்கலம் போகிற வழியில்
எங்கள் தெருப் பக்கம்
வரம்பு வைத்த வயல் எதுவும் மிச்சமில்லை.
பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை ஒன்று உண்டு.
பகலில் பூட்டித்தான் கிடக்கும்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
நாக்கின் ஓரத்தில் ஒரு தித்திப்பு வந்து உட்காரும்.
ஆடி மாதமென்றால் இன்னும் சீக்கிரம்.

விளக்குத்தூணில் எடுத்த லைனிங் துணியை
ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்தால்
மடிப்பின் மேல்பக்கம் மட்டும் பழுப்பேறிவிடுகிறது.
உதறினால் போவதில்லை.
துவைத்தால் பாதி போகும்.
துணியைத்தான் துவைக்க முடியும்.

பத்தொன்பது வருஷ நோட்டு இது.
தோள், கை, இறக்கம், மார்பு.
முப்பத்திரண்டு முப்பத்தாறான கல்யாணங்களும்
பால் கட்டிய மாதங்களும் இதில் இருக்கின்றன.
மூன்றாம் வீட்டுக்காரி பழைய ஜாக்கெட்டோடு வந்து
"இடதுபக்கம் மட்டும் பிடிச்சுக் குடு" என்றாள்.
கடைசிச் சந்துக்காரி
பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டு
அளவெடுத்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றாள்.
ரேஷன் கடை எதிர்வீட்டுக்காரி
துணி கொடுத்தாள். வாங்க வரவில்லை.
அந்த மாம்பழ நிற ஜாக்கெட் இன்னும் ஆணியில் தொங்குகிறது.
அமலோற்பவம் டீச்சர் மட்டும்
"என் பேரைப் போட்டே சொல்லு, எனக்கென்ன வெட்கம்" என்றாள்.

நாலு பேர். ஒரு தெரு.
தவசியிடம் காட்டினேன்.
நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னான்:
"நாலு ஒரு கணக்கே இல்லக்கா.
ஆயிரக்கணக்குல பொம்பளைகள
இருபது வருஷம் பாக்கணும்.
காட்மியம் உடம்புக்குள்ள போனா
பொம்பளச் சுரப்பு மாதிரியே வேஷம் கட்டும்னு
சிலபேர் எழுதியிருக்காங்க.
ஆனா, இவுகளுக்கு இதனாலதான்னு
யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

சரிதான்.
ஜாக்கெட் இறுக்கினால்
துணி சுருங்கியதா உடம்பு பெருத்ததா என்று
நானும் சட்டென்று சொல்லமாட்டேன்.
ஆனால் இரண்டையும் கேட்பேன்.

பெரியாஸ்பத்திரியில் டீச்சரோடு உட்கார்ந்திருந்தேன்.
எப்போ வயசுக்கு வந்தீங்க,
எத்தனை பிள்ளை, எத்தனை மாசம் பால் குடுத்தீங்க,
அம்மாவுக்கு, சித்திக்கு, யாருக்காவது உண்டா?
ஃபாரம் நிரம்பிவிட்டது.
ஜன்னல் எந்தத் திசை,
எத்தனை வருஷம் திறந்து கிடந்தது,
எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தீர்கள்,
அதற்கெல்லாம் கட்டம் இல்லை.
ரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.
காற்று வெளியே பெஞ்சில்
டோக்கன் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கொட்டகைக்காரர் மனைவிக்கும் நான்தான் தைக்கிறேன்.
பட்டுத்துணி, முதுகில் கயிறு, கயிற்றில் மணி.
போன வெள்ளி அளவெடுக்கையில்
வலது அக்குளுக்குக் கீழே டேப் கொஞ்சம் தயங்கியது.
என் விரலா, அவள் உடம்பா?
"முப்பத்தெட்டு" என்றேன் சத்தமாய்.
"போன தடவையும் அதானே" என்று சிரித்தாள்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
எனக்கு இளிக்க வரவில்லை.
நூலைக் கடித்துத் துப்பிவிட்டு,
"செவ்வாய்க்கிழமை டீச்சரோட ஆஸ்பத்திரி போறேன்,
நீயும் வந்து ஒருதரம் காட்டிரு" என்றேன்.
மணி குலுங்காமல் நின்றாள்.

அன்று ராத்திரி சாக்பீஸும் அடிஸ்கேலும் எடுத்து
நோட்டில் புதிதாய் ஒரு கோடு போட்டேன்,
மார்புக்கு அடுத்த கட்டமாய்.
முதலில் என் பேர்.
மேற்கு.
பத்தொன்பது.