அக்கரையிலிருந்து

விடியுமுன் இருமுவேன்,
படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து.
ராய்யா இன்னும் ஒரு மணி நேரமாவது தூங்கட்டும்.
கூஹ்மோவுக்கு வடக்கே எங்கள் ஏரி.
அந்த நேரத்தில் ஒரு மீன் புரண்டாலும் கேட்கும்.
நான் இருமினால் கேட்காதா?
அக்கரைப் பைன் மரங்களில் மோதி
என் இருமல் எனக்கே திரும்பி வரும்
கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தாமதமாக.
ஒன்பது வருடமாக அதுதான் துணை.
ஒருநாள் நான் இருமுவதற்கு முன்பே வந்தது.
காற்று என்று விட்டுவிட்டேன்.

தும்மினால் வாழ்த்த எங்களிடம் ஒரு சொல் உண்டு.
இருமினால் இல்லை.
பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகும், அவ்வளவுதான்.

மரலாரி ஓட்டிய காலத்தில்
ஆஸ்துமா என்றார் ஒரு டாக்டர்.
சிகரெட்டை விடு என்றார் அடுத்தவர்.
பிடித்தால்தானே விடுவதற்கு.

பிறகு அந்த அக்டோபர் வேட்டை.
நான்கு மணி நேரம் அசையாமல் நின்றேன்.
மூஸ் வந்தது, கிளைக்கொம்பு விரித்த பெரிய ஆண்.
துப்பாக்கி தோளில் ஏறியபோது
நெஞ்சுக்குள் ஏதோ ஊர்ந்தது.
இருமி முடித்து நிமிர்ந்தால்
காட்டில் நான் மட்டும்.
ஒஸ்மோ திட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் திட்டுவதில்லை.
மறுவருடம் குழுப் பட்டியலில்
என் பெயருக்கு எதிரே 'சூப்' என்று எழுதியிருந்தது.

கயானி ஆஸ்பத்திரியில்
என் நெஞ்சைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள்.
போகப் போகக் குறுக வேண்டிய கிளைகள்
நுனிவரை தடித்தே கிடந்தன,
வடியத் தெரியாத வாய்க்கால் போல.
நாலு வயதில் வந்த கக்குவான் இருமல்
ஐம்பத்தேழு வருடம் கழித்து
தன் கையெழுத்தைக் காட்டியது.
மூச்சுக்குழாய் விரிவு என்றாள் இளம் டாக்டர்.
"அரிதான நோய்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அரிது என்றுதான் படித்தோம்."

அன்றிலிருந்து பாட்டில்.
அரைப் பாட்டில் தண்ணீர், ஒரு ரப்பர் குழாய்,
காலையில் பத்து ஊதல், மாலையில் பத்து.
குமிழி விடும் அறுபத்தோரு வயதுக் குழந்தை.
பிறகு கோப்பைக்குள் நிறம் பார்க்க வேண்டும்:
வெள்ளை என்றால் படகு.
மஞ்சள் என்றால் வீடு.
பச்சை என்றால் போன், பதினான்கு நாள் மாத்திரை.
போன வருடம் மூன்று பச்சை.
யார் கல்யாணத்துக்கும் வருகிறேன் என்று சொல்வதில்லை,
பார்க்கலாம் என்கிறேன்.
நாற்பது டன் மரம் இழுத்தவன்
சட்டையில் மூன்றாவது பொத்தானோடு நின்று
இளைப்பாறுகிறேன்.
ராய்யா பார்க்காதது போல் காபி ஊற்றுகிறாள்.

செவ்வாய்க்கிழமை மூச்சு வகுப்பு.
சினிக்கா நர்ஸ் ஆறு நாற்காலி போட்டிருந்தாள்.
பதினொரு பேர் வந்தோம்.
மீன்பண்ணைக்காரர், பள்ளிக்கூடச் சமையல்காரி,
தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து
அமைதியான இடங்களில் இருமல் வந்துவிடுமென்று அதை விட்டவர்,
முப்பது தாண்டாத ஒரு தச்சன்.
ஒவ்வொருவரும் உலகத்தில் தான் ஒருவனே என்று
பயிற்சி எடுத்த முகம்.
சினிக்கா பக்கத்து அறையிலிருந்து
நாற்காலி தூக்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக வந்தவள் ஜன்னலோரம் நின்று இருமினாள்.
கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தாமதமாக.
எனக்குத் தெரிந்த இருமல்!
வீடு எங்கே என்றேன்.
எங்கள் ஏரியின் பெயரைச் சொன்னாள். கிழக்குக் கரை.
வீட்டில் கேட்கக் கூடாதென்று
விடியுமுன் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போவாளாம்.
ஹெல்கா என்று பெயர்.
"நீங்களா அது?" என்றாள்.
"எதிரொலி என்றல்லவா நினைத்தேன்."

இன்று ஏரியில் பனிமூட்டம்.
இருமினேன்.
அக்கரையிலிருந்து பதில் வந்தது,
கையசைப்பது மாதிரி.
இருவரும் ஓய்ந்த பிறகு
வடக்கே, தீவுப் பக்கமாக
மூன்றாவதாக ஒன்று கேட்டது.

எதிரொலி என்று சொல்ல
இப்போது வாய் வரவில்லை.