கம்பெனிக் கட்டடத்தில் கோர்ட்டு

பைபாஸ் வந்தது. மூன்று பேங்க் வந்தது.
பனங்காட்டு விலக்கில் பனைகளைச் சாய்த்துப்
பிளாட்டுக்குக் கல் நட்டார்கள்.
அடிதடியும் செக் மோசடியும்
அழைக்காமலே வந்தன.
கடைசியாகத்தான் மாஜிஸ்ட்ரேட் வந்தார்,
வாடகைக் கட்டடத்துக்கு.

பழைய பீடிக் கம்பெனி அது.
மூன்று தடவை வெள்ளையடித்தும்
ஈரம் ஏறினால் தூள் மணக்கிறது.
கறுப்புக் கோட்டுக்குள் தும்முகிறார் வக்கீல்.
எனக்குத் தும்மல் இல்லை.
பதினாறு வருஷம்
சுளகோடு இந்த வாசலில் நின்றவள்.

அம்பாசமுத்திரத்துக்குப் பதினோரு வாய்தா அலைந்தேன்.
வாய்தாவுக்கு ஆயிரம் பீடி நஷ்டம்.
அவன் வந்தால் வக்கீல் வரமாட்டார்,
இரண்டு பேரும் வந்த அன்று ஐயா லீவு.
ஊரிலேயே பேசித் தீர்ப்போம் என்றார்கள்.
பேசினார்கள்.
சுடலை கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான்,
மாதம் இரண்டாயிரம் தருவேன் என்று.
உள்ளங்கைச் சூடு ஆறுமுன்
திருப்பூர் பஸ் ஏறிவிட்டான்.

என் கட்டும் இப்போது இங்கே மாறி வந்திருக்கிறது.
டவாலி மூன்று தரம் கூப்பிட்டார்:
பேராச்சி, பேராச்சி, பேராச்சி.

தர்மபுரிப் பக்கமாம் அந்த அம்மா.
முப்பது வயது இருக்காது.
ஜன்னலுக்குக் கீழே நாற்காலி,
செக்கர் அணைஞ்சபெருமாள் இருந்த அதே இடம்.
கட்டை எடுப்பார், ஒரு உதறு,
ஒரு பீடி நெகிழ்ந்தால் இருபத்தைந்தும் போச்சு.
'தள்ளு' என்பார். மேலே கேட்க ஆள் கிடையாது.

அந்த அம்மா என் கட்டை எடுத்ததும்
நான் நினைக்குமுன்னே
என் கை முந்தானையை விரித்துவிட்டது.

உதறவில்லை. வாசித்தார்.
பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும்.
'ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும்?'
பதினோரு வாய்தாவில் யாரும் கேட்காதது.
'எலை நல்லா இருந்தா முன்னூறு தேறும்.
கழிவு போக.'
'கழிவு என்றால்?'

சொல்லத் தெரியாமல்
அவர் நாற்காலியின் அடியைக் காட்டினேன்.
குமாஸ்தா இருமினார்.
அந்த அம்மா குனிந்து பார்த்தார்.
சிமென்ட் தரை. பழைய தகர டின்னின் துருவட்டம்
இன்னும் போகவில்லை.

அவனுக்கு வாரண்ட்.
எனக்குப் பத்தொன்பதாம் தேதி.

பன்னிரண்டாவது வாய்தா.
ஆனால் நடந்தே வீட்டுக்கு வந்தேன்,
தெருவில் வெயில் மிச்சம் இருந்தது.
விளக்கு வைக்குமுன்
இருநூறு சுற்றினேன்.