ஏழாம் ரீல்

பிரிண்ட் ஒன்று, தியேட்டர் இரண்டு.
மவுண்ட் ரோட்டில் ஆறரைக்கு ஆட்டம்,
புரசைவாக்கத்தில் ஏழே காலுக்கு.
நடுவில் நான், ஒரு ராலே சைக்கிள்,
கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய தகரப் பெட்டி.

வெள்ளைக்காரக் காதல், பழைய யுத்த காலத்துக் கதை.
எந்த ராஜாவுக்கும் எந்த ராஜாவுக்கும் சண்டையோ,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அவர்கள் முத்தமிடும்போது நான் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் இருப்பேன்,
கோட்டை எரியும்போது எழும்பூரில்.
பதினோரு வாரம் சுமந்த படத்தில் நான் பார்த்ததெல்லாம்
ஆபரேட்டர் கோதண்டபாணி பீடி பற்றவைக்கும் நேரத்துக்கு,
அறைச் சுவரின் ஓட்டை வழியே:
ஒரு கையுறை.
பனியில் ஒரு குதிரை.
என்னவோ சத்தியம் செய்கிற ஒரு வாய்.

மீதியைத் தயாபரி சொன்னாள்.
புரசைவாக்கம் தரை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து
மூர் மார்க்கெட்டில் எட்டணாவுக்கு எடுத்த நாவலை,
சில்லறை எண்ணும் விரலாலேயே பக்கம் தள்ளித் தள்ளிப்
படித்துக்கொண்டிருந்தாள்.
"புக்குல அவளுக்கு மூணு பிள்ளைங்க.
படத்துல ஒண்ணுகூட இல்ல. எங்க போச்சு?"
வழியில் எங்கோ நான்தான் நழுவவிட்டேன் என்பதுபோல்
கம்பிக்குள்ளிருந்து முறைத்தாள்.

இன்னொரு நாள்:
"கடைசி ரீல்ல கப்பல்லேர்ந்து இறங்கி வர்றான் பாரு,
ஜனம் கைதட்டுது.
நானூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துலயே காய்ச்சல்ல செத்துட்டான் அவன்.
அதுக்கப்புறம் நூறு பக்கம்
ஒத்தையா நின்னு நிலத்தப் பாத்துக்கறா.
அந்த நூறு பக்கந்தான்யா கதையே."

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை.
கெங்கு ரெட்டி சப்வேயில் தண்ணீர், மார்பளவு.
சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு
ஏழாம் ரீலைத் தலையில் வைத்து இறங்கினேன்.
செருப்பு போனது. ஒரு செத்த எலி
என் பனியனை உரசிக்கொண்டு எழும்பூர் பக்கம் போனது.
அங்கே, ஆறாம் ரீல்
அவளை ஜன்னலோரம் கடிதத்துக்குக் காத்து நிற்கவைத்துவிட்டு
தீர்ந்துபோயிருந்தது.
வெள்ளைத் திரை. விசில். பெஞ்சு உடையும் சத்தம்.

ஐம்பது நிமிஷம் கழித்து நான் நுழைந்தபோது
கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.
திரைக்கு முன்னால் தயாபரி.
கையில் கல்லாப் பெட்டிச் சாவி,
குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியிருந்தாள்.
ரிக்‌ஷாக்காரர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் நிறுத்தி,
"பொட்டி நனைஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.
என்னைக் கேட்கவில்லை, பெட்டியைத்தான்.

படம் ஓடியது.
கடைசி ரீலில் கப்பல் வந்தது, அவன் இறங்கினான்.
ஒரு கையும் தட்டவில்லை.
"டேய், நீ செத்துட்டடா!" என்று
தரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.
சிரிப்பு எழவில்லை.
அவளைத் தூக்கிக்கொண்டு அவன் சுற்றியதை
எல்லோரும் ஒரு பொய்ச்சாட்சியைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் பெரைரா கணக்கு முடித்து அனுப்பினார்.
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டு
புத்தகத்தைக் கம்பி வழியே நீட்டினாள்.
புத்தகம் நுழையவில்லை. அட்டையை வளைத்துத் திணித்தாள்.
அப்போது சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது.
ஆறரை ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டது.

எக்ஸ்சேஞ்ச் வாசலில் இரண்டு முறை நின்றேன்.
மூன்றாம் முறை போகவில்லை.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.
மூலை மடித்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்,
நாளுக்கு நாலு வரி, சில நாள் அதுவுமில்லை.
நேற்று நானூற்று நாற்பத்தொன்று.
ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருகிறது.
மூன்று பிள்ளைகளில் சின்னதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து
மார்பளவு தண்ணீரில் நிற்கிறாள்.