எந்த மாசம்

கைக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே
ஏற்காடு மலையின் பதினாலாவது வளைவில்
ஜன்னல் வழியே வாந்தியெடுத்தேன்.
கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டி
"புதுசுங்களா?" என்றார்.
புதுசுதான்.
எம்.காம். முடித்து ஆறு வருஷம்,
ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒன்பது நாள்.
வீடு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்,
கேள்விகள் நாற்பத்தேழு.

கொட்டச்சேட்டில் முதல் வீடு.
தார்ப்பாயில் மிளகு காய்ந்தது.
செங்காயி கோழியை விரட்டியபடி பதில் சொன்னாள்.
மாத வருமானம்?
"எந்த மாசத்ததுங்க?
காப்பிப் பழம் பறிக்கிற மாசமா,
சில்வர் ஓக்கில் ஏணி சாத்துற மாசமா,
மழை கவுந்து மேஸ்திரி எட்டியே பாக்காத மாசமா?"
எண் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றேன்.
"அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக்குங்க."
போட்டேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"இவ்வளவு வந்தா
உங்களுக்கு டீ வெச்சிருப்பனே."

குடும்பத்தில் எத்தனை பேர்?
திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற மகளை
அங்கே விடுதியில் எண்ணிவிட்டார்களா,
இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும் என்றாள்,
ஓர் ஆள் அரிசியாவது வரும்.
மகனுக்குச் சாதிச் சான்று வந்துவிட்டது,
கல்லூரிச் சேர்க்கை முடிந்த மூன்றாவது வாரம்.
லேமினேட் செய்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.
அவன் செவ்வாய்ப்பேட்டையில்
யார் யார் கொலுசுக்கோ பொடி வைத்து ஊதுகிறான்.

சின்னவெள்ளையிடம் தொழில் கேட்டேன்.
"பொட்டி தூக்கறது."
என்ன பொட்டி?
"ஓட்டுப் பொட்டிதான்.
மேலூர்ல பதினேழு ஓட்டு இருக்குதில்ல.
அஞ்சு வருசத்துக்கொருக்கா ஒரு நா வேலை.
போன தடவைக் கூலி இன்னும் வரல."
மற்ற நாட்களில்?
அவர் தோளைக் குலுக்கினார்.
அதற்கும் பட்டியலில் ஒரு கட்டம் இருந்தது:
இதர.

எஸ்டேட் லயத்தில் ஒரே அறையில் ஏழு பேர்,
ஜார்க்கண்டுக்காரர்கள்.
புத்துவா ஓரானுக்கு மட்டும் தமிழ் வந்தது,
முழுக்க மேஸ்திரியிடம் கேட்ட தமிழ்.
குரலில் அத்தனை பணிவு,
வார்த்தைகளெல்லாம் வசவு.
நூறு ரூபாய் குறைத்து வாங்கி
எங்க கூலியைக் கெடுக்கிறாங்க என்று
செங்காயி காலையில் ஆத்திரப்பட்டிருந்தாள்.
அவனுடைய தட்டில் இருந்த கீரை
அவள் வீட்டுக் கொல்லையில் பார்த்த கீரைதான்.
நிரந்தர முகவரி கேட்டேன்.
இந்த அறையா, அந்த ஊரா என்று யோசித்து
கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைக் காட்டினான்.

மூன்று மணிக்கு
சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்றேன்.
மேற்பார்வையாளர் அழைத்தார்.
"என்னம்மா, உன் ஊரு முழுக்கச் சிவப்பா வருது?
வருமானம் ரொம்பக் குறைஞ்சா
மென்பொருள் ஏத்துக்காது.
கொஞ்சம் பச்சைக்குக் கொண்டுவா.
சிவப்புக்குப் பணம் பாஸாகாது, பாத்துக்க."

பாறையில் உட்கார்ந்தேன்.
கீழே சேலம், புகையும் வெயிலுமாக.
அங்கே எங்கள் வீட்டு வாடகை
இரண்டு மாதம் நிற்கிறது.
கட்டை விரல் போதும், கஷ்டமான வேலை இல்லை.
மூவாயிரத்தைத் தட்டினால் எட்டாயிரம்.
சின்னவெள்ளை சுயதொழில் செய்பவர் ஆனார்.
லயத்து அறையை இரண்டாகப் பிரித்தேன்.
முப்பத்தொரு வீடுகள்
கடைசி பஸ் வருவதற்குள்
வறுமையிலிருந்து மீண்டன.

கண்டக்டர் பூஜ்யம் ரூபாய்க்கு டிக்கெட் கிழித்தார்,
பெண்களுக்கு இலவசம்.
முப்பத்தொன்றைப் பதினெட்டால் பெருக்கினேன்.
ஐநூற்று ஐம்பத்தெட்டு.
இன்னொரு முறை பெருக்கினேன், அதேதான்.

வளைவு தொடங்கியதும் வயிறு புரண்டது.
கைக்குட்டை தேடப் பையில் கைவிட்டால்
காகிதப் பொட்டலம்.
"எறங்கறப்ப வாயில போட்டுக்குங்க" என்று
காலையில் செங்காயி திணித்தது,
கேள்விகளின் அவசரத்தில் மறந்துபோனது.
பத்துப் பன்னிரண்டு மிளகு.
ஒன்றைக் கடித்தேன்.
காது வரைக்கும் எரிந்தது.

கிலோ எழுநூறுக்குப் போகிற சரக்கு.
இன்று எனக்கு வந்த வரவில்
இதை மட்டும்
நான் எங்கேயும் காட்டவில்லை.